அப்பாவின் கொக்கியும் ஆதிச்சநல்லூர் வாளும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டீ போட்டு வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் நாற்பது நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே நீங்கள்!

போன ஆயுத பூஜை அன்று என் பேத்தி, பூஜை அறையில் சந்தனம் குங்குமம் வைத்திருந்த ஒரு இரும்புக் கொக்கியைக் காட்டி, "தாத்தா, இது எந்த சாமி?" என்று கேட்டாள். மரப்பிடி போட்ட, கை அகலமுள்ள, முனை கூரான கொக்கி. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் வைத்திருந்தது. உங்களில் பலருடைய தாத்தா வீட்டிலும் இருந்திருக்கும். "சாமி இல்லம்மா, கொள்ளுத்தாத்தாவோடது" என்றேன். "அப்ப ஏன் இங்க இருக்கு?" என்றாள். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தக் கொக்கி இங்கே இருந்திருக்கவே கூடாது. 1996-லேயே அது மண்ணுக்குள் போயிருக்க வேண்டியது. அதைப் போகவிடாமல் செய்தவன் நான்.

அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பாடம்.

ஒரு மண்மேடும் ஒரு கப்பலும்

இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் பகுதியில் சட்டன் ஹூ என்று ஓர் இடம். ஆற்றங்கரையை ஒட்டிய மேட்டில் வரிசையாகப் பழைய மண்மேடுகள். அந்த நிலத்துக்குச் சொந்தக்காரரான எடித் பிரட்டி என்ற அம்மையார், அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க பேசில் பிரவுன் என்பவரை வைத்துத் தோண்டச் சொன்னார். பிரவுன் பெரிய பட்டம் பெற்றவர் இல்லை. தானே படித்துக் கற்றுக்கொண்டவர். 1939-இல் ஒரு மேட்டுக்குள் ஒரு முழுக் கப்பலின் தடம் கிடைத்தது. சுமார் 27 மீட்டர் நீளம். மரம் முழுவதும் மக்கிப் போய்விட்டது. ஆணிகள் மட்டும் வரிசை மாறாமல் இருந்தன. மணலில் பதிந்த அச்சை வைத்தே கப்பலின் வடிவத்தைக் கண்டுபிடித்தார்கள்.

கப்பலின் நடுவில் ஓர் அறை. அதில் முகமூடி வைத்த இரும்புத் தலைக்கவசம், வாள், கேடயம், வெள்ளிப் பாத்திரங்கள், யாழ், தங்கத்தில் செய்த இடுப்புப் பட்டைக் கொக்கி. உடல் இல்லை, அந்த ஊர் மண்ணின் அமிலம் எலும்பைக்கூட விட்டுவைக்கவில்லை. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ஓர் அரசனுடையது என்கிறார்கள்.

அங்கே ஒரு பணப்பையும் கிடைத்தது. அதில் 37 பொற்காசுகள், காசு வடிவத்தில் முத்திரை இல்லாத 3 துண்டுகள், 2 சிறு தங்கக் கட்டிகள். 37-உம் 3-உம் சேர்ந்தால் 40. அந்தக் கப்பலை வலிக்க 40 பேர் தேவைப்பட்டிருக்கும். அவர்களுக்குக் கூலியாக அந்த 40, சுக்கான் பிடிப்பவருக்கு அந்த இரண்டு கட்டிகள் என்று ஓர் அறிஞர் கருத்துச் சொன்னார். எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு இல்லை அது. ஆனாலும் எனக்கு அதைப் படித்தவுடன் நம்ம ஊர் நெற்றிக்காசுதான் ஞாபகம் வந்தது. போகிற வழிக்குக் கையில் காசு இல்லாமல் அனுப்ப எந்த ஊர்க்காரனுக்கும் மனசு வருவதில்லை.

நம் மண்ணில்

"வெள்ளைக்காரன் கதை எதுக்கு சார், நம்ம கதையைச் சொல்லுங்க" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். சொல்கிறேன்.

தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர். 1876-இல் ஜெர்மானியரான ஜாகோர் அங்கே தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்கு எடுத்துப் போனார். பிறகு அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியல் அதிகாரி, 1899 முதல் சில ஆண்டுகள் முறையாக அகழாய்வு செய்தார். 114 ஏக்கர் பரப்பில் முதுமக்கள் தாழிகள். ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய மண்பானைகள். உள்ளே எலும்புகள். கூடவே சிறு மண்கலங்கள், நெல்லின் உமி, வெண்கலக் கிண்ணங்கள், மிருக உருவங்கள் வைத்த மூடிகள், நெற்றியில் கட்டும் மெல்லிய தங்கப் பட்டங்கள். இரும்பில் வாள், ஈட்டி, அம்பு முனை, மண்வெட்டி. ரீ எடுத்தவை எல்லாம் நம்ம எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத்தான் வந்தன.

ரீ ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதி வைத்தார். அந்த இரும்பு ஆயுதங்கள் முனை கீழ்நோக்கி இருந்தன. சுற்றி நின்று துக்கம் காத்தவர்கள் தங்கள் கையால் மண்ணில் குத்திவிட்டுப் போனதுபோல இருந்தது என்கிறார். சாதாரண வரிதான். ஆனால் அதைப் படித்தபோது எனக்கு அந்த மனிதர்கள் கண்ணில் தெரிந்தார்கள். ஒவ்வொருவராக வந்து, குனிந்து, குத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து போகிறார்கள்.

சென்னைக்குப் பக்கத்திலும் இது உண்டு. பல்லாவரத்தில் சுட்ட மண்ணால் செய்த, குட்டைக் கால்கள் வைத்த ஈமப்பேழைகள் கிடைத்தன. செங்கல்பட்டுப் பக்கம் சானூரில் கல்வட்டங்கள். கற்பதுக்கை, கற்திட்டை, கல்வட்டம், தாழி, பேழை என்று எட்டாம் வகுப்பில் உங்களை மனப்பாடம் செய்ய வைத்தேனே, அவை எல்லாம் இந்த மக்களின் கல்லறைகள்தான். மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் பற்றிச் சொல்லும் இடத்திலும் எரிப்பது, திறந்த வெளியில் இட்டுவிடுவது, குழியில் புதைப்பது, கல்லறைக்குள் வைத்து அடைப்பது, தாழியால் கவிப்பது என ஐந்து முறைகளும் ஒரே ஊரில் நடந்ததாக வருகிறது. யார் எப்படிச் செய்தாலும் ஊர் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பது அதிலிருந்து தெரிகிறது.

ஏன் பொருளை வைத்தார்கள்? பாடப்புத்தகம் ஒரு வரி சொல்லும்: மறுமையில் பயன்படும் என்று நம்பினார்கள். நானும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வருடம், துறைமுகம் பக்கம் குடியிருந்த ஒரு மாணவி எழுந்து, "சார், இரும்பு அந்தக் காலத்துல விலை ஜாஸ்தி இல்லையா? வாளை மண்ணுல போட்டா வீணாப் போயிடாதா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அன்றைக்கு நான் சொன்ன பதில்: "அதெல்லாம் மூடநம்பிக்கைம்மா. பரீட்சைக்கு இரண்டு மதிப்பெண், எழுதிக்கோ." அம்மா, நீ இதைப் படித்தால் என்னை மன்னிக்கணும். உன் கேள்விக்கான பதிலைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மண்ணுக்குள் இருந்தது கல்லுக்கு வந்தது

காலம் போகப் போக, தாழியிலும் பதுக்கையிலும் பொருளைக் குவிப்பது குறைந்தது. வீரனின் நினைவு மண்ணுக்கு மேலே வந்தது. அதுதான் நடுகல்.

தேனி மாவட்டத்தில் புலிமான்கோம்பை என்ற ஊரில் 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வுக் குழு மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தது. தமிழ்-பிராமி எழுத்தில் பொறித்தவை. அதில் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது மாடு கவர்ந்த சண்டையில், இறந்த ஒருவனுக்கு நட்ட கல். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய எழுத்து.

தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு நிலை சொல்கிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேடிப் பார்ப்பது, அதை எடுத்துவரத் தொடங்குவது, நீராட்டுவது, நடுவது, பெரிய படையல் போடுவது, வாழ்த்துவது. சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்து கண்ணகிக்கு எடுத்ததும் இந்த வரிசையில்தான்.

இதை இப்போது நம் வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கருமாதிக்குக் கல் ஊன்றுகிறோம். அதற்குத் தண்ணீர் விடுகிறோம். துணி சுற்றுகிறோம். இறந்தவருக்குப் பிடித்ததை எல்லாம் படைக்கிறோம். தாத்தாவுக்குப் பீடி, பெரியப்பாவுக்கு ஒரு குவார்ட்டர் என்று யாரும் கூச்சப்படாமல் வைக்கிறார்கள். புறநானூற்றில் அதியமானின் நடுகல்லைப் பார்த்து ஔவையார் அழுகிறார். மயில் தோகை சூட்டி, சின்னக் கலத்தில் கள் ஊற்றுகிறார்களே, நாட்டையே கொடுத்தாலும் வாங்காத மனிதன் இதை வாங்கிக்கொள்வானா என்று. நம்ம தெருவில் படத்துக்கு முன்னால் பீடிக்கட்டை வைத்துவிட்டு ஒரு மனைவி அழுவதற்கும் ஔவை அழுததற்கும் என்ன வித்தியாசம்?

நடுகற்கள் அதிகம் கிடைப்பது இன்றைய திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில். பல்லவர் காலத்தில் அங்கே மாடுதான் செல்வம், மாட்டுக்காகத்தான் சண்டை. தமிழ்நாடு தொல்லியல் துறையின் முதல் இயக்குநர் இரா. நாகசாமி அவர்கள் காலத்தில் செங்கம் பகுதிக் கற்களைத் தேடித் தேடிப் படியெடுத்து, 1972-இல் நூலாகவே வெளியிட்டார்கள்.

அந்தக் கற்களில் எழுத்து ஏறக்குறைய ஒரே அமைப்பில் இருக்கும். எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, இவன் யாருடைய சேவகன், இவன் பெயர் என்ன, எந்தச் சண்டையில் விழுந்தான். அவ்வளவுதான். அழுகை கிடையாது. கல்லில் வில்லோ வாளோ ஏந்திய உருவம், சிலவற்றில் உடம்பில் தைத்த அம்பு, காலடியில் ஒரு சின்னக் குடுவை. கவனித்தீர்களா? ஆதிச்சநல்லூரில் நிஜ வாளையும் நிஜக் கலத்தையும் புதைத்தார்கள். இங்கே வாளையும் கலத்தையும் கல்லில் செதுக்கிவிட்டார்கள். பொருள் மாறவில்லை. இருக்கும் இடம்தான் மாறியிருக்கிறது.

இன்னொன்றும் சேர்ந்தது. செத்தவனின் குடும்பத்துக்கு நிலம் கொடுத்தார்கள். அதற்கு உதிரப்பட்டி, நெய்த்தோர்ப்பட்டி என்று பெயர். இரத்தத்துக்கு ஈடாகக் கொடுத்த நிலம் என்று அர்த்தம். துறைமுகத்திலும் ஆலையிலும் விபத்தில் போனவர்களின் வீட்டுக்கு வாரிசு வேலை கேட்டு நடந்த தெருக்காரர்களுக்கு இந்தச் சொல்லை நான் விளக்க வேண்டியதில்லை.

நாய்க்கும் கல் உண்டு

செங்கம் பகுதியில் எடுத்தனூர். மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆவது ஆட்சியாண்டுக் கல். சட்டன் ஹூ கப்பலை மண்ணில் இறக்கிய அதே காலகட்டம். இங்கே விழுந்தவன் அரசன் இல்லை. கருந்தேவகத்தி என்ற ஒரு வீரன். தன் எருமைகளைக் காக்கப் போய் இறந்தான். அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கியிருக்கிறது. கோவிவன் என்று பெயர். இரண்டு கள்வர்களைக் கடித்து, எஜமானனுக்குக் காவலாக நின்றது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன்னால் வாழ்ந்த ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது! எத்தனை ராணிகளின் பெயர் தெரியாமல் போயிருக்கிறது.

இன்னொரு நாய் கர்நாடகத்தில், மண்டியா மாவட்டம் ஆதகூரில். காளி என்று பெயர். ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்காகச் சண்டையிட்ட மணலேரன் என்ற வீரன், பரிசாக என்ன வேண்டும் என்று கேட்டபோது இந்த வேட்டை நாயைக் கேட்டு வாங்கினானாம். அது ஒரு காட்டுப் பன்றியோடு மோதி, இரண்டுமே இறந்தன. நாய்க்குக் கல் நட்டு, பூசைக்கு நிலமும் விட்டார்கள். அந்தக் கல் இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நாய்க்கு நட்ட அந்தக் கல்லில்தான் தமிழ்நாட்டு வரலாற்றின் ஒரு பெரிய செய்தியும் இருக்கிறது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தனை கங்க மன்னன் பூதுகன் கொன்ற செய்தி.

தக்கோலத்திலிருந்து திருவொற்றியூருக்கு

இங்கேதான் கதை நம்ம ஊருக்கு வருகிறது. கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்.

949-இல் அரக்கோணத்துக்குப் பக்கத்தில் தக்கோலத்தில் போர். முதலாம் பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன் யானை மேலிருந்தபடியே இறந்தான். அதனால் கல்வெட்டுகளில் ஆனைமேல் துஞ்சிய தேவர் என்று அவனுக்குப் பெயர். தொண்டை மண்டலம் மூன்றாம் கிருஷ்ணன் கைக்குப் போனது. தமிழ்க் கல்வெட்டுகளில் இவன் பெயர் கன்னரதேவன்.

இராசாதித்தனிடம் வல்லபன் என்ற ஒருவர் இருந்தார். கேரளத்திலிருந்து வந்தவர். இளவரசனின் நண்பர், படைத்தலைவர். போர் நடந்த அன்று அவர் களத்தில் இல்லை. தலைவனோடு சேர்ந்து சாகும் வாய்ப்பு அவருக்குத் தவறிப் போனது.

இன்றைக்கு இதைக் கேட்டால் "தப்பிச்சார்" என்போம். அந்தக் காலத்தில் அப்படி இல்லை. தலைவன் விழுந்தால் தானும் விழுவேன் என்று சபதம் செய்த வேளைக்காரப் படைகள் இருந்த நாடு இது. தலைவன் செத்து, தான் உயிரோடு இருப்பது அந்த வல்லபனுக்குத் தாங்கவில்லை. கங்கைக்குப் போய் நீராடினார். திரும்பி வந்து, திருவொற்றியூரில் நிரஞ்சன குரு என்ற துறவியிடம் துறவு வாங்கினார். சதுரானன பண்டிதர் என்ற பெயரில் நம்ம ஊர் மடத்தின் தலைவரானார். கோயிலில் தன் பிறந்த நட்சத்திரமான அவிட்டத்தில் சிறப்பு வழிபாடு நடக்கப் பொன் கொடுத்தார்.

இதெல்லாம் எப்படித் தெரியும்? திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கோயிலில் உள்ள ஒரு வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. அது கன்னரதேவனின் 20-ஆவது ஆட்சியாண்டுக் கல்வெட்டு. அதாவது 959 வாக்கில் எழுதியது. தன் தலைவன் யாருடன் போரிட்டு விழுந்தானோ அவனுடைய ஆட்சியாண்டைப் போட்டுத்தான் அவர் தன் தானத்தை எழுத வேண்டியிருந்தது. போருக்குப் பின் பத்து ஆண்டு. அந்த முதல் வரியைத் தச்சன் வெட்டும்போது பண்டிதர் பக்கத்தில் நின்றிருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அந்தக் கோயிலுக்கு நீங்கள் எல்லோரும் போயிருக்கிறீர்கள். மாசி மகத்துக்குப் போயிருப்பீர்கள், வடிவுடையம்மனுக்கு விளக்குப் போட்டிருப்பீர்கள். கருவறைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். யானையின் முதுகுபோல வளைந்த கருங்கல் விமானம். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், அதே சதுரானன பண்டிதர் என்ற பட்டப்பெயரோடு மடத்தில் பின்னால் வந்த ஒருவர் சொல்லி, ரவி என்ற சிற்பி கட்டியது.

இறந்த அரசர்களுக்கு சோழர்கள் கோயிலே கட்டினார்கள். பள்ளிப்படை என்று பெயர். ஆற்றூரில் இறந்த தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு மேல்பாடியில் இராசராசன் கட்டியது ஒன்று. பழையாறைப் பக்கம் சிற்றன்னை பஞ்சவன் மாதேவிக்கு இராசேந்திரன் எடுத்தது ஒன்று. மாடு காத்தவனுக்குக் கல், அரசனுக்குக் கோயில். வசதிக்கு ஏற்றபடி அளவு மாறுகிறது. திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தார் சமாதியும் இருக்கிறது. காதற்ற ஊசியும் கூட வராது என்ற உண்மையை உலகத்துக்குச் சொன்னவரின் இடம். அவருடன் எதையும் வைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் மேலே ஒரு லிங்கத்தை வைக்காமல் மக்களால் இருக்க முடியவில்லை பாருங்கள்.

நம் காலத்து நடுகல் வேண்டுமா? மூலக்கொத்தளத்துக்குப் போங்கள். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்று, 1939-இல் உயிர்விட்ட நடராசன், தாளமுத்து இருவரின் நினைவிடம் அங்கே இருக்கிறது. சட்டன் ஹூவில் கப்பல் கிடைத்த அதே ஆண்டு.

கொக்கி

இப்போது என் கதை. உறவுகளில் பெரியவர்களுக்கு இது தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது.

அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அரிசி, கோதுமை, உரம், சர்க்கரை. ஒரு மூட்டை நூறு கிலோ இருக்கும். கொக்கியைச் சாக்கில் மாட்டி, ஒரு சுழற்றில் முதுகில் ஏற்றுவார். 1983-இல் கன்டெய்னர் முனையம் வந்த பிறகு மூட்டை வேலை மெல்லக் குறைந்தது. ஓய்வு பெற்ற பிறகும் கொக்கியைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து வாசல் நிலையில் மாட்டி வைத்திருப்பார். துருவே பிடிக்காது. அந்தக் கூலியில்தான் நான் ஆசிரியர் பயிற்சி முடித்தேன். தங்கைகளுக்குக் கல்யாணம் ஆனது.

1996 மழைக்காலத்தில் அப்பா போனார். எங்கள் வழக்கம் புதைப்பது. தெருவில் பறை அடித்தார்கள். இரவு முழுக்க கானா பாடினார்கள். வாய்க்கரிசி போட்டாயிற்று, நெற்றியில் காசு வைத்தாயிற்று. பாடையைத் தூக்கப் போகும்போது அம்மா உள்ளேயிருந்து வந்தார். புதுத் துண்டில் சுற்றிய எதையோ அப்பாவின் வலது கைப்பக்கம் வைத்தார். துண்டின் நுனியில் கொக்கி முனை தெரிந்தது.

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. பகுத்தறிவு பேசுகிற வாத்தியார் என்று தெருவில் பேர். கூட வேலை பார்க்கும் ஆசிரியர்கள் வேறு வந்து நின்றிருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, அதுதான் உண்மை. கொக்கியை எடுத்துவிட்டேன். எல்லோருக்கும் கேட்கும்படி, "நைனா மேல போயும் மூட்டைதான் தூக்கணுமா?" என்றேன்.

சிலர் தலையாட்டினார்கள். ஓர் ஆசிரியர் தோளில் தட்டிக் கொடுத்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. என் கையிலிருந்து கொக்கியை வாங்கி, அதே துண்டில் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அம்மா அந்தக் கொக்கியைக் கழுவி, எண்ணெய் போட்டு, பொட்டு வைத்து, ஒரு சின்னக் கிண்ணத்தில் அப்பாவுக்குப் பிடித்த சுண்டலை முன்னால் வைப்பார். நானும் என் பேனாவையும் புத்தகத்தையும் பக்கத்தில் வைப்பேன். ஏழெட்டு வருடம் கழித்து ஒரு பூஜையன்று, துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அது மூட்டை தூக்கறதுக்கு இல்லடா. போற எடத்துல அவரு யாருன்னு தெரிய வேணாவா?"

அவ்வளவுதான். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

பள்ளிக்கூடம் போகாத என் அம்மா சொன்ன அந்த ஒரு வரி, நான் முப்பத்தைந்து வருடம் நடத்திய பாடத்தை விடச் சரி. ஆதிச்சநல்லூரில் வாளோடு புதைத்தவர்களும், அந்த உலகத்திலும் இவன் போய்ச் சண்டை போடட்டும் என்று மட்டும் நினைத்திருக்க மாட்டார்கள். இவன் வாள் பிடித்தவன், இவள் நெல் விளைத்தவள், வெறும் எலும்பு இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு விலை உயர்ந்த இரும்பைக் கொடுத்தால்தான் சொன்னதற்கு மதிப்பு. எழுத்து பரவிய பிறகு அதையே கல்லில் எழுதினார்கள். எழுதத் தெரியாத என் அம்மாவிடம் இருந்தது கொக்கி. அதை நான் பிடுங்கினேன். வாழ்நாள் முழுக்க அவர் செய்த வேலையை நினைத்து நான் வெட்கப்பட்டேன் என்று அம்மா எடுத்துக்கொண்டிருந்தால், அதில் தப்பும் இல்லை.

2011-இல் அம்மா போனபோது தங்கை அவர் கையில் வெற்றிலை டப்பாவை வைத்தாள். யாரும் எதுவும் சொல்வதற்கு முன் நான் பாக்குவெட்டியையும் தேடி எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன்.

பேத்திக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். உட்கார வைத்து, கொக்கியைக் கையில் கொடுத்து, எப்படிப் பிடிப்பது, எப்படிச் சாக்கில் மாட்டுவது என்று காட்டினேன். கனமாக இருக்கிறது என்றாள். பிறகு அவளுடைய நோட்டில், நடுகல்லில் எழுதுகிற மாதிரி எழுதச் சொன்னேன். எந்த ஆண்டு, யாருடைய மகன், என்ன பெயர், என்ன வேலை, எத்தனை வருடம். அவள் எழுதிவிட்டு, "எதுல செத்தார்னு எழுதணும் தாத்தா" என்றாள். யோசித்துவிட்டு, "நம்மையெல்லாம் கரையேத்திட்டு" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டாள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வலை பின்னும் ஊசி, கொத்தனார் கரண்டி, தையல் கத்திரி, பனை ஏறிய அரிவாள் என்று உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவரின் பொருள் பரணில் கிடக்கும். பழைய இரும்புக்காரனிடம் போடுவதற்கு முன் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அது யாருடையது, அவர் என்ன செய்தார் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். முடிந்தால் இங்கே கீழே எழுதுங்கள், நான் எல்லாவற்றையும் படிப்பேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துவேன், அந்தப் பழக்கம் போகவில்லை.

அடுத்த ஞாயிறு வர முடிந்தவர்கள் காலை ஏழு மணிக்குத் திருவொற்றியூர் சன்னதித் தெரு முனைக்கு வாருங்கள். அந்த வளைந்த விமானத்தைச் சேர்ந்து பார்ப்போம். தண்ணீர் பாட்டில் கொண்டு வாருங்கள், வெயில் அதிகம்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்